பெற்றோர் பிரிந்தால் பிள்ளையின் பல் செலவு யாருடையது?

கணவனும் மனைவியும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். விவாகரத்து கிடைக்கிறது. வீடு யாருக்கு, நகை யாருக்கு, பிள்ளை யாரிடம் இருப்பது, மாதம் எவ்வளவு பணம் கொடுப்பது என்றெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். ஒன்றை மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

அது பிள்ளையின் பல்!

ஒரு வருஷம் போகிறது. ஒரு நாள் நடு ராத்திரியில் பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். விடிந்ததும் தாயார் அவனைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போகிறார். டாக்டர் வாயைப் பார்த்துவிட்டு ஒரு தொகையைச் சொல்கிறார். தாயார் வெளியே வந்து பிள்ளையின் தகப்பனாருக்குப் போன் செய்கிறார்.

"மாதா மாதம்தான் பணம் அனுப்புகிறேனே! அதில் பார்த்துக்கொள்" என்கிறார் தகப்பனார்.

"அது சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமே போதவில்லை. பாதியாவது நீங்கள் கொடுக்கக்கூடாதா?"

"பல் எப்படிச் சொத்தையாயிற்று? நீ கவனிக்கவில்லை!"

"நானா? ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வந்தால் நாள் பூராவும் சாக்லேட்டு. அதை யார் வாங்கிக் கொடுப்பது?"

பேச்சு முறிந்துவிடுகிறது. பல் வலி மட்டும் முறியவில்லை.

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. பிரிந்துபோன பெற்றோர் எங்கெல்லாம் இருக்கிறார்களோ அங்கெல்லாம் வரக்கூடிய வழக்கு. இதில் யார் பக்கம் நியாயம்? சட்டம் என்ன சொல்கிறது? செலவை எப்படிப் பிரித்துக்கொள்வது? பார்ப்போம்.

பல் காத்திருக்காது

முதலில் பல்லைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும். அது தெரிந்தால்தான் தாமதத்தின் விலை என்ன என்பது புரியும்.

குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதல் பல் முளைக்கும். 3 வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். 6 வயதிலிருந்து அவை ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். முன் பற்கள் முதலில் விழும். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்கும்.

"எப்படியும் விழப்போகிற பல்தானே! அதற்கு எதற்குச் செலவு?" என்று பலர் கேட்கிறார்கள். இது தவறான எண்ணம்.

ஒவ்வொரு பால் பல்லும், தனக்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. பால் பல்லை நேரத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். கீழிருந்து வரும் பல்லுக்கு வழி இருக்காது. அது கோணலாக முளைக்கும். பால் பல்லின் வேரில் சீழ் வைத்தால், கீழே உள்ள நிரந்தரப் பல்லையும் அது கெடுக்கக்கூடும்.

இன்னொரு விஷயம். 6 வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு புதிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால், அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது பால் பல் அல்ல. ஆயுள் முழுவதும் சோறு மெல்லவேண்டிய பல்! அது சொத்தையாகிப் போனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது.

ஒரு சிறு ஓட்டை, மூன்று செலவு

சொத்தை ஒரு சிறு கறுப்புப் புள்ளியாகத் தொடங்கும். அப்போதே டாக்டரிடம் போனால், சுத்தம் செய்து அடைத்துவிடுவார். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். செலவும் குறைவு.

"நீ கொடு, நான் கொடு" என்று சில மாதம் ஓடிவிட்டால் என்ன ஆகும்? ஓட்டை பல்லின் நரம்பு வரை போய்விடும். அப்போது அடைத்தால் மட்டும் போதாது. வேர் சிகிச்சை செய்யவேண்டும். ரூட் கெனால் என்று சொல்வது இதைத்தான். பால் பல்லுக்கும் இது உண்டு. எக்ஸ்-ரே எடுக்கவேண்டும். இரண்டு, மூன்று தடவை நடக்கவேண்டியிருக்கலாம். பல்லின் மேல் ஒரு தொப்பியும் போடவேண்டியிருக்கலாம். செலவு பல மடங்கு.

அதையும் தள்ளிப் போட்டால்? கன்னம் வீங்கும். காய்ச்சல் வரும். கடைசியில் பல்லைப் பிடுங்கவேண்டும். பிடுங்கிய இடம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிறு கம்பி வளையம் மாட்டவேண்டும். சில வருஷம் கழித்து, கோணலாக வந்த பல்லை நேராக்க இன்னொரு செலவு.

ஆக, சிறு தொகையை யார் கொடுப்பது என்று சண்டை போட்டவர்கள் முடிவில் பெரிய தொகையை யார் கொடுப்பது என்று சண்டை போடுகிறார்கள். இடையில் பையன் இரவு தூங்காமல் வலி பொறுத்ததற்கு எந்த ரசீதும் கிடையாது!

எனவே முதல் விதி இதுதான்: முதலில் வைத்தியம். பிறகு கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

விவாகரத்து கணவன், மனைவி என்ற உறவைத்தான் முடிக்கிறது. தகப்பன், தாய் என்ற உறவை முடிப்பதில்லை.

1956-ம் ஆண்டு இந்து தத்து எடுத்தல், பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 18 வயது ஆகாத பிள்ளையைப் பராமரிக்கவேண்டியது தகப்பனின் கடமை மட்டும் அல்ல, தாயின் கடமையும்தான்.

பராமரிப்பு என்றால் என்ன? சோறும் துணியும் மட்டுமா? இல்லை. அதே சட்டத்தின் 3-வது பிரிவு விளக்கம் கொடுக்கிறது. உணவு, உடை, இருக்க இடம், படிப்பு, வைத்தியம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததுதான் பராமரிப்பு. வைத்தியம் என்று சட்டம் சொல்லும்போது, காய்ச்சலுக்கு உண்டு, பல்லுக்குக் கிடையாது என்று எங்கும் பிரித்துச் சொல்லவில்லை.

1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு கோர்ட்டுக்கு ஓர் அதிகாரம் கொடுக்கிறது. விவாகரத்து வழக்கு நடக்கும்போதே பிள்ளையின் பராமரிப்புக்கும் படிப்புக்கும் கோர்ட்டு உத்தரவு போடலாம். தீர்ப்பு வந்த பிறகும் மனுப் போட்டால் அந்த உத்தரவை மாற்றலாம். ஆகவே, "தீர்ப்பில் பல் என்று எழுதவில்லையே, இனி ஒன்றும் செய்யமுடியாது" என்று யாரும் சோர்ந்துபோகவேண்டியதில்லை.

பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும், கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும் இதே போன்ற பிரிவுகள் இருக்கின்றன.

எந்த மதத்தவருக்கும் பொதுவான வழி இன்னொன்று உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்று அதைச் சொன்னார்கள். 1.7.2024 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. வசதி இருந்தும் பிள்ளையைக் கவனிக்காத தகப்பனிடம் மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவு வாங்கலாம். உத்தரவை மீறினால் ஜெயில் தண்டனையும் உண்டு. பழைய சட்டத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்கமுடியாது என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. 2001-ம் ஆண்டு அதை எடுத்துவிட்டார்கள்.

பாதிக்குப் பாதி சரியா?

"இருவருக்கும் பிள்ளை, ஆளுக்குப் பாதி!" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஓர் உதாரணம். தகப்பனாருக்கு மாதம் 30,000 ரூபாய் வருமானம். தாயாருக்கு 15,000 ரூபாய். பிள்ளையின் பல் செலவு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பாதிக்குப் பாதி என்றால் ஆளுக்கு 3,000 ரூபாய். தகப்பனாருக்கு அது சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. தாயாருக்கோ ஐந்தில் ஒரு பங்கு! ஒரே தொகைதான். ஆனால் ஒருவருக்குச் சுமை இரட்டிப்பு.

வருமானத்தைப் பார்த்துப் பிரித்தால்? 30,000-க்கு 15,000 என்பது 2-க்கு 1. செலவை மூன்று பங்காக்கவேண்டும். தகப்பனார் இரண்டு பங்கு, அதாவது 4,000 ரூபாய். தாயார் ஒரு பங்கு, 2,000 ரூபாய். இப்போது இருவருக்கும் சுமை சமம்.

இது நாமாகக் கண்டுபிடித்த கணக்கு அல்ல. 2000-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. கணவரும் வேலையில் இருந்தார். மனைவியும் வேலையில் இருந்தார். இரண்டு பிள்ளைகள். இருவரின் வருமானத்தையும் நீதிபதிகள் பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 3,000 ரூபாய் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதைத் தகப்பனார் 2 பங்கு, தாயார் 1 பங்கு என்று ஏற்கவேண்டும் எனத் தீர்ப்புச் சொன்னார்கள். தாய் சம்பாதிக்கிறாள் என்பதால் தகப்பன் தப்பித்துக்கொள்ள முடியாது. தகப்பன் இருக்கிறான் என்பதால் சம்பாதிக்கும் தாய் முழுவதும் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது.

2020-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. பிள்ளையின் செலவு என்றால் அதில் வைத்தியச் செலவும் சேரும் என்று சொன்னது. படிப்புச் செலவைச் சாதாரணமாகத் தகப்பன் ஏற்கவேண்டும். தாய்க்குப் போதுமான வருமானம் இருந்தால் இருவரும் வருமானத்துக்கு ஏற்றபடி பகிர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னது. பல் செலவுக்கும் இந்த அளவுகோல் நன்றாகப் பொருந்தும்.

வருமானம் மாறினால் பங்கும் மாறவேண்டும். தாயாருக்கு வேலையே இல்லை என்றால் தகப்பனார் முழுவதும் ஏற்பதுதான் நியாயம். தகப்பனாரின் வேலை போய், தாயார் சம்பாதித்தால் கணக்குத் திரும்பும். பிள்ளை தகப்பனாரிடம் வளர்ந்தாலும் இதே விதிதான்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிள்ளையைத் தன்னிடம் வைத்திருப்பவர் லீவு போடுகிறார். பஸ்சில் அழைத்துப் போகிறார். டாக்டர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறார். இரவில் எழுந்து மருந்து கொடுக்கிறார். இதற்கெல்லாம் பில் கிடையாது. பங்கு பிரிக்கும்போது மற்றவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பேச்சு இனிமையாக முடியும்.

"மாதப் பணத்தில் அடங்காதா?"

சண்டை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. தகப்பனார் மாதம் ஒரு தொகை அனுப்புகிறார். பல் செலவும் அதில் சேர்ந்ததா? தனியா?

தீர்ப்பிலோ ஒப்பந்தத்திலோ என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "வைத்தியச் செலவு உள்பட" என்று இருந்தால், சாதாரணச் செலவுகள் அதில் அடங்கும். "வைத்தியச் செலவு தனி" என்று இருந்தால், ரசீதைக் காட்டிப் பங்கைக் கேட்கலாம். கொடுக்க மறுத்தால், தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி கோர்ட்டில் மனுப் போடலாம்.

ஒன்றுமே எழுதவில்லை என்றால்? அப்போதுதான் தொல்லை. அதற்கு ஒரு நடைமுறை வழி சொல்லலாம். பற்பசை, பிரஷ், வருஷத்தில் இரண்டு முறை டாக்டரிடம் காட்டுவது ஆகியவை எல்லோருக்கும் வரும் செலவு. அவை மாதப் பணத்தில் அடங்கட்டும். பல் அடைப்பது, வேர் சிகிச்சை, பல் பிடுங்குவது, கிளிப் போடுவது ஆகியவை எதிர்பாராமல் வரும் செலவு. அவற்றைத் தனியாகப் பங்கு பிரிக்கலாம்.

இன்சூரன்சு இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். நம் நாட்டில் பல இன்சூரன்சு பாலிசிகள், விபத்தில் பல் உடைந்தால்தான் பணம் கொடுக்கும். சொத்தைப் பல்லுக்கும் கிளிப்புக்கும் கொடுப்பதில்லை. பாலிசியை முன்பே படித்துப் பார்த்துவிடவேண்டும்.

கிளிப் போடும் செலவு

பல் செலவுகளில் பெரியது கிளிப். 10 முதல் 14 வயதுக்குள் பல பிள்ளைகளுக்கு இதைப் போடுகிறார்கள். முடிய ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். இடையில் அடிக்கடி டாக்டரிடம் போய்க் கம்பியை இறுக்கிக்கொள்ளவேண்டும். கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க வேறொரு தகடு மாட்டவேண்டும்.

"இது அழகுக்குச் செய்வது. நான் ஏன் கொடுக்கவேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராமல் மெல்ல முடியாத பிள்ளைகள் உண்டு. முன் பல் நீட்டிக்கொண்டு, விழுந்தால் உடைகிற நிலையில் உள்ள பிள்ளைகள் உண்டு. இது அழகா, அவசியமா என்று தகப்பனும் தாயும் முடிவு செய்யவேண்டாம். டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதை இருவரும் ஏற்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

செலவைத் தவணையில் கட்டலாம். மொத்தம் 36,000 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதலில் 9,000 ரூபாய். பிறகு 18 மாதம், மாதம் 1,500 ரூபாய். 2-க்கு 1 என்ற பங்கில் தகப்பனார் முதலில் 6,000 ரூபாயும் பிறகு மாதம் 1,000 ரூபாயும் கொடுப்பார். தாயார் முதலில் 3,000 ரூபாயும் பிறகு மாதம் 500 ரூபாயும் கொடுப்பார். பெரிய மலை போலத் தெரிந்தது சிறு சிறு படியாகிவிடுகிறது.

பாதியில் நிறுத்துவதுதான் மோசம். நகர்ந்த பல் பாதி வழியில் நின்றுவிடும். கொடுத்த பணமும் வீணாகும். ஆகவே கிளிப் போடும் முன்பே முழுச் செலவுக்கும் இருவரும் சம்மதிக்கவேண்டும்.

எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

பழமொழி சரியாகத்தான் சொல்கிறது. வாய்ப் பேச்சு காற்றோடு போகும். எழுத்து நிற்கும்.

அமெரிக்காவில் மிச்சிகன் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளையின் வைத்தியத்துக்குச் செலவு செய்தால், இன்சூரன்சு கணக்கு முடிந்த 28 நாளுக்குள் பாக்கித் தொகையின் கணக்கை மற்றவருக்கு அனுப்பவேண்டும். அவர் 28 நாளுக்குள் தம் பங்கைக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால், குடும்ப வழக்குகளைக் கவனிக்கும் கோர்ட்டு அலுவலகத்தில் புகார் செய்யலாம். யார் எவ்வளவு என்பது கோர்ட்டு உத்தரவிலேயே எழுதப்பட்டிருக்கும். எனவே போனில் சண்டை போடவேண்டிய வேலை குறைகிறது.

நம் ஊரில் அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் நாமே எழுதி வைத்துக்கொள்வதை யார் தடுக்கிறார்கள்? இருவரும் சம்மதித்து விவாகரத்து வாங்கும்போது நிபந்தனைகளை எழுதிக் கோர்ட்டில் கொடுக்கிறார்கள் அல்லவா? அதில் இந்த வரிகளையும் சேர்க்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்:

1. பிள்ளையின் வைத்தியச் செலவு, பல் செலவு உள்பட, மாதப் பணத்துக்குப் புறம்பானது.

2. அதை வருமானத்துக்கு ஏற்றபடி இன்னார் இவ்வளவு, இன்னார் இவ்வளவு என்று பங்கிடவேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பங்கைத் திருத்தலாம்.

3. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் சிகிச்சைக்கு முன்கூட்டியே மற்றவருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். அவர் 7 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும்.

4. வலி, வீக்கம், விபத்து என்றால் யாரையும் கேட்கக் காத்திருக்கவேண்டாம்.

5. செலவு செய்தவர் 30 நாளுக்குள் ரசீதை அனுப்பவேண்டும். மற்றவர் 30 நாளுக்குள் தம் பங்கைக் கொடுக்கவேண்டும்.

நாலாவது வரிக்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது பிள்ளையின் நிரந்தரப் பல் வேரோடு பெயர்ந்து விழுந்துவிட்டால், அதைத் திரும்பப் பொருத்த முடியும். ஆனால் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போகவேண்டும். பல்லை வேர்ப் பக்கம் தொடாமல் எடுத்து, பாலில் போட்டுக் கொண்டுபோகவேண்டும். பால் பல் என்றால் திரும்பப் பொருத்துவதில்லை. அந்த நேரத்தில், "யார் பங்கு எவ்வளவு?" என்று போன் பேசிக்கொண்டிருந்தால் பல் போய்விடும்!

ரசீதை எல்லாம் ஒரு பையில் போட்டு வையுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே நாலு வரி போதும்: "இன்று பையனைப் பல் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு பல் அடைத்தார். செலவு இவ்வளவு. உங்கள் பங்கு இவ்வளவு. ரசீது இத்துடன் இருக்கிறது." பழைய சண்டையை இதில் கிளறவேண்டாம்.

பணம் இல்லாவிட்டால்?

இருவரிடமும் பணம் இல்லை என்றால் பிள்ளை வலி பொறுக்கவேண்டுமா? வேண்டாம்.

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுக்கோட்டையில் 2023-ம் ஆண்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்டத் தலைமை அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல் பிரிவு உண்டு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வதால், வெளியே ஆவதைவிடக் குறைவாகவே ஆகும்.

2013-ம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், டாக்டர்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கூடங்களுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். சொத்தைப் பல்லையும் பார்க்கிறார்கள். அவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கவும் பணம் இல்லையா? 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டக் கோர்ட்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இரண்டு வீட்டிலும் ஒரு பிரஷ்

செலவைப் பிரிப்பதைவிட, செலவு வராமல் பார்த்துக்கொள்வது மேல். அதற்கு இரு வீட்டாரும் ஒத்துழைக்கவேண்டும்.

தாயார் வீட்டில் ஒரு பிரஷ், தகப்பனார் வீட்டில் ஒரு பிரஷ். இரண்டு இடத்திலும் காலையிலும் இரவு படுக்கும் முன்பும் பல் தேய்க்கவேண்டும். 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அரிசி அளவு பசை போதும். 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைக்கு இனிப்பு வாங்கிக் கொடுப்பது தப்பு அல்ல. ஆனால் நாள் பூராவும் கொறிக்கவிடாதீர்கள். சாப்பாட்டோடு ஒரு தடவை கொடுத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. "உன் அப்பாவிடம் போய்ப் பணம் கேள்!" என்று பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "உன் அம்மாவிடம்தான் எல்லாம் கொடுத்துவிட்டேனே!" என்று பிள்ளையிடம் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். தன்னால்தான் இவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று அந்தச் சிறு மனம் நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை பல் வலித்தால் சொல்லாமல் மறைக்கும். ரசீது பெரியவர்களுக்குள் போய்வரட்டும்.

இன்று உங்கள் பிள்ளை யார் வீட்டில் இருந்தாலும் சரி, வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். 6 வயது ஆகியிருந்தால், வரிசையின் கடைசியில் அந்தப் புதிய கடைவாய்ப் பல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் கறுப்புப் புள்ளி இருந்தால் நாளையே டாக்டரிடம் போங்கள். மற்றவருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.